தேறாது

கல்லை முதலில் நக்குவார். எச்சில் பட்டால்தான் கல் தன் நிறத்தைக் காட்டும் என்பார். பிறகு கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, மூக்கு கல்லில் உரசக் குனிவார். நிமிரும்போது ஒரே சொல்தான்: "தேறாது." எங்கள் அலுவலகத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

பூமியைத் துளைத்தெடுத்த கல்லைப் பார்த்து, அங்கே சுரங்கம் தோண்டினால் கட்டுபடியாகுமா என்று சொல்வது தேறாது சாரின் வேலை. "தங்கம் எங்கதான் இல்ல? உங்க வீட்டுக் கொல்லையில கூட இருக்கும். எடுக்கிற செலவுக்குத் தாங்குமாங்கறதுதான் பேச்சு." சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அறிக்கையிலேயே எழுதி ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறார்.

மகளுக்கு வரன் வந்தபோதும் விடவில்லை. "ஒரு தடவ பாத்து எப்படிச் சொல்றது? நாலு பக்கமும் துளைச்சுப் பாக்கணும்" என்றாராம். பையன் வீட்டார் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

போன மாதம் மூன்றாம் துளையில் டன்னுக்கு இருபத்திரண்டு கிராம் தங்கம் என்று சோதனை முடிவு வந்தது. அந்த அளவு சுற்றிலும் இருந்தால் சுரங்கம் நிச்சயம். சுரங்கம் வந்தால் சாருக்கு மேலாளர் பதவி, பங்களா. வராவிட்டால் அலுவலகத்துக்கே பூட்டு. அஸ்திவாரம்கூடப் போடாத பங்களாவின் ஜன்னல்களுக்கு அவர் மனைவி திரைச்சீலை தைத்தே முடித்துவிட்டார். "ஒரே ஒரு தடவ தேறும்னு எழுதித் தொலைங்களேன்" என்று போனில் கெஞ்சியது பக்கத்து மேஜையில் இருந்த எனக்கே கேட்டது. நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். வரைபடம் வரைகிறவனுக்கும் வயிறு உண்டே.

அந்தத் துளையைச் சுற்றி இன்னும் ஆறு துளைகள் போடவைத்தார் சார். ஆறும் வெறும் கல்.

"அதான் ஒண்ணுல இருக்கே!" என்று முதலாளி மேஜையைத் தட்டினார்.

"தெருவுல ஒருத்தர் டாக்டர்னா, தெருவே ஊசி போடுமா முதலாளி? ஒரு பொடித் தங்கம் அந்தக் கல்லுல மாட்டியிருக்கு. அவ்வளவுதான்." அந்தப் பங்களா மேல் அவருக்கும் கொள்ளை ஆசை.

அறிக்கையில் அந்த ஒரு சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. "இனிமே இந்தச் செலவு எதுக்கு முதலாளி?" என்றபடி சார் எழுந்துபோய், முதலாளியின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.