பர்வீனின் அத்தா

ஈரக் கம்பளியின் வாசனை எங்கே வந்தாலும் எனக்குப் பள்ளிக்கூட மைதானம்தான் நினைவுக்கு வரும். பூப்பந்து மஞ்சள் கம்பளி நூலால் சுற்றப்பட்டது. மார்கழிக் காலையில் பனிபடிந்த புல்லில் இரண்டு முறை உருண்டால் கனத்துப்போய், "பேட்"டில் படும்போது "டொப்" என்று செத்த சத்தம் வரும். அதைத் தன் சட்டையிலேயே துடைத்துத் துடைத்து எங்களிடம் திருப்பிக் கொடுப்பார் எங்கள் விளையாட்டு ஆசிரியர் சலீம் சார். பந்தைத் தவறவிட்டவளைப் பார்த்து அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "போனது போகட்டும், அடுத்ததைப் பாரு" என்பார், அவ்வளவுதான்.

பேராவூரணிக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த ஐந்து பெண்களை அவர் ஒரு அணியாகச் சேர்த்ததே பெரிய பாடு. வயசுக்கு வந்த பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் பார்க்கக் குதிப்பதா என்று என் அப்பா உட்பட எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. சார் தன் மனைவி மும்தாஜம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார். கணுக்கால்வரை தொளதொளவென்று இறங்கும் பேண்ட்டை அந்த அம்மாவே அளவெடுத்துத் தைத்துத் தருவதாகச் சொன்ன பிறகுதான், குத்தகை நிலத்து நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அவர்களுடைய மகள் பர்வீனுக்கு என் வயதுதான், பதினாறு. ஆனால் மனம் மூன்று வயதிலேயே நின்றுவிட்டது. "அத்தா", "தண்ணி" என்று இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் அவள் பேசிக் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் சார் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டி வருவார். வாதாம் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் அவள் கைதட்டுவாள். ஆட்டம் முடிந்ததும் அவள் தாவணி முனை சக்கரத்தில் சிக்காமலிருக்க அதை இடுப்பைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் சார் சைக்கிளை மிதிப்பார். ஓடவும் குதிக்கவும் தெரிந்த ஐந்து பெண்களுக்கு நாளெல்லாம் ஆட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே வயதுள்ள தன் பெண்ணை அப்படி முடிச்சுப் போட்டு ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அன்றைக்கு எங்களில் ஒருத்தியும் நினைத்துப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் அணி கும்பகோணத்தில் நடந்த இறுதி ஆட்டம்வரை போய்விட்டது. நான்தான் அணித்தலைவி. அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டி, அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். இல்லாவிட்டால் படிப்பு போதும், தை பிறந்தால் மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது தொடங்கி நாங்கள் கொஞ்சம் முன்னே இருந்தபோது, அந்தப் பள்ளியின் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து சாருக்கு போன் வந்திருப்பதாகச் சொன்னார்.

திரும்பி வந்தபோது சாரின் முகத்தில் இரத்தமே இல்லை. பர்வீனைக் காலையிலிருந்து காணோம். மும்தாஜம்மா கொல்லையில் துணி காயப்போடப் போன நேரத்தில் வாசல் வழியே போய்விட்டிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாயில் கரைமுட்டத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. ஆட்கள் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். "நான் போகணும்மா மலரு. நீ பார்த்துக்க" என்றார். கூட வந்திருந்த கணக்கு டீச்சரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அதற்குப் பிறகு எங்கள் கை கால் எதுவும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. தோற்றோம். கடைசிப் பந்தை விட்டவள் நான்.

பர்வீன் அன்று பிற்பகலிலேயே கிடைத்துவிட்டாள். தேங்காய் லாரிகள் ஓடும் பெரிய சாலையைத் தாண்டி, வெறுங்காலோடு ஒன்றரை மைல் நடந்து, ஆளில்லாத எங்கள் மைதானத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மைதானத்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துச் சொல்லியனுப்பினார்களாம்.

திங்கட்கிழமை சார் மைதானத்துக்கு வந்தார். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அவர் எதிரில் போய் நின்று சொன்னேன்: "உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல சார். எங்களுக்குத்தான் எல்லாம் போச்சு."

மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "ஆமாம்மா. உங்களை நடுவுல விட்டுட்டு வந்தது தப்புதான்" என்றார் சார். பிறகு சுண்ணாம்புப் பொடி வாளியை எடுத்துக்கொண்டு அழிந்துபோன கோடுகளைப் போடத் தொடங்கினார். மரத்தடியில் பர்வீன் பாதத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கோடையில் அவர் எங்கள் வீட்டுக்கு மறுபடி வந்தார். மாநிலச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், ஆட்டத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளும் கல்லூரி ஒன்று கும்பகோணத்தில் இருக்கிறது என்று அப்பாவிடம் பேசி, எங்கள் இருவரையும் அவரே அழைத்துப் போனார். நான் ஆடி முடிக்கும்வரை வெயிலில் நின்றார். அங்கிருந்த விளையாட்டு இயக்குநரிடம், நாங்கள் தோற்றது பயிற்சியாளர் செய்த தவறு, பிள்ளைகள் மேல் குறை இல்லை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு இடம் கிடைத்தது. இன்று தஞ்சாவூரில் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்றால் அது அந்த ஒரு நாளால்தான். ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே முப்பது வருஷத்தைக் கழித்துவிட்டேன். ஊருக்கு வரும்போது பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோதெல்லாம் என் பிள்ளைகள் நலமா என்று அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன், பேருந்து வந்துவிடும்.

போன மாசியில் சார் தவறிவிட்டார். செய்தி எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போகிற வழியில் மைதானத்தைப் பார்த்தேன். பூப்பந்து ஆடிய இடத்தில் புதுக் கட்டடம் நிற்கிறது. வாதாம் மரம் இல்லை. அந்த ஆட்டத்தின் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

மும்தாஜம்மா உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பர்வீன், தலை பாதி நரைத்து. நான் அழுதுகொண்டே அன்றைக்குச் சாரைப் பேசியதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா என்னை வியப்போடு பார்த்தார்.

"எங்கிட்ட அவங்க அப்படி ஒண்ணும் சொல்லலையேம்மா. நீங்க நல்லா ஆடினீங்கன்னுதான் சொன்னாங்க."

பிறகு அவரே மெல்லச் சொன்னார். பர்வீன் காணாமல்போன அந்த நாளுக்கு அப்புறம் சார் தினமும் தொழுதுவிட்டு வந்து அவளை எதிரில் உட்காரவைத்து நாலே நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாராம். முதல் வாக்கியம் வர ஒரு வருஷம். நாலும் கோவையாக வர ஆறு வருஷம். வழி தவறினால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

நான் கிளம்ப எழுந்தேன். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்த பர்வீன், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"என் பேரு பர்வீன். எங்க அத்தா பேரு சலீம். பள்ளிவாசத் தெரு. என்னை அத்தாகிட்ட கொண்டுபோய் விடுங்க."

நான் மறுபடி பாயில் உட்கார்ந்தேன்.