கழுத்தடி ஊசி

சாத்தம் படகுத்துறையில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து என் வலது தோள் முறிந்தபோது, நான் போர்ட் பிளேரில் தமிழ் டீச்சராக இருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. ஆஸ்பத்திரிக்கு மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷனுக்கு முன் காறை எலும்புக்கு மேலே, கழுத்தடியில் ஓர் ஊசி போட்டார். கைக்குப் போகும் நரம்புகளை மரத்துப்போக வைக்கும் ஊசியாம். கண் விழித்தபோது தோளில் கட்டு இருந்தது, வலி இல்லை. தொட்டுப் பார்த்தால் யாரோ என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது. வலி சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் மாத்திரை கொடுத்திருந்ததால் தாங்க முடிந்தது.

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். சிலோனிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவள். ரப்பர் பால் வாளியோடு சரிவில் விழுந்திருக்கிறாள். எனக்கு முறிந்த அதே இடம், அதே சர்ஜன். மறுநாள் காலை ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்து போட்டார்கள். மயக்கம் தெளிந்ததுமே அலறத் தொடங்கினாள். துண்டை வாயில் திணித்துக்கொண்டும் சத்தம் அடங்கவில்லை.

இப்படியா கத்துவாள் என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுதவே கூசுகிறது.

“கழுத்துல ஊசி போட்டிருப்பாங்களே, அப்புறமுமா வலிக்குது?” என்று கேட்டேன்.

“எந்த ஊசிங்க டீச்சரம்மா? கழுத்துல ஒண்ணும் போடலீங்களே.”

ரவுண்ட்ஸ் வந்த சர்ஜனிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “அரே டீச்சர்ஜி, யே லோக் சப் சஹ் லேதே ஹைன்.” இவர்கள் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வார்களாம்.

“அவளிடம் கேட்டீர்களா?” என்றேன் இந்தியில்.

“அவளுக்கு இந்தி தெரியாதே.”

“எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லியிருந்தால் கேட்டுச் சொல்லியிருப்பேனே!”

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு எழுந்து மயக்க மருந்து டாக்டரின் அறைக்குப் போனேன். மதுரைப் பக்கத்துக்காரர், சின்ன வயது.

“மருந்து தீர்ந்துபோச்சா டாக்டர்?”

“இருக்கு டீச்சர். போடட்டுமான்னு கேட்டேன். தோட்டத்து ஆளுக்கு எதுக்கு, நேரம் வீணாகும்னு சர்ஜன் சொல்லிட்டார்.”

“நீங்களும் பேசாம இருந்துட்டீங்க.”

அவர் முகம் கறுத்தது. எழுந்து, ஊசித் தட்டோடு என் பின்னால் வந்தார்.

அரை மணி நேரத்தில் அலறல் நின்றது. அவள் இடது கையால் வலது விரல்களைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். “டீச்சரம்மா, கை செத்துப்போச்சுங்களா?”

“மூணு நாலு மணி நேரத்துல உணர்ச்சி வந்துடும்மா. பயப்படாதே,” என்றார் டாக்டர். அவள் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். ஊசியின் மரப்பு விடும் நேரத்துக்கு அவரே திரும்பி வந்து வேறு வலி மருந்து எழுதிக் கொடுத்தார். அவள் தோள் கூடியது. கப்பல் ஏறும் முன், தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினாள்.

நான் இடது கையாலேயே ஒரு புகார் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து டைப் அடித்த கடிதம் வந்தது. விசாரித்தார்களாம். சம்பந்தப்பட்ட நோயாளி வலி பற்றி எந்தப் புகாரும் தெரிவிக்கவில்லையாம்.

வார்டு முழுக்கக் கேட்ட அந்த அலறல் புகாரில்லை என்றால், வேறு எந்த பாஷையில் அவள் சொல்லியிருக்க வேண்டும்?