கதிர் எண்ணும் உத்தியோகம்

கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்கு எட்டாத, கையில் பட்டாலும் சுடாத ஒன்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கதிரியக்க இரசாயனம் என்கிற தொழில்.

இரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, "இப்ப எங்க வேலை செய்றீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பதுளை பஸ் நிலையத்தில் தூண் மறைவில் நின்றவர்களே, நானும் அங்கேதான் நின்றேன். ஒரு வருடம் நின்ற பிறகு, நகரத்தில் ஒரு மாடியில் இருந்த சின்னத் தனியார் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. தேயிலையோ தண்ணீரோ மணலோ, எதைக் கொண்டுவந்தாலும் அதிலிருந்து வரும் கதிர்களை எண்ணிச் சான்றிதழ் கொடுப்பது வேலை. ஆனால் ஆறு மாதம் தகுதிகாண் காலம். தேறாவிட்டால் கொழும்பில் ஒரு துணிக்கடை. அப்பாவுக்குத் தெரிந்த முதலாளி ஒருவர் அங்கே எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். அந்த ஆறு மாதத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

நேர்முகம்

ஆய்வுகூடத்தின் தலைவி யாழ்ப்பாணத்தவர், கலாநிதிப் பட்டம் பெற்றவர். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நேர்முகத்தில் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த அறையில கதிர் விடுற சாமான் என்னென்ன இருக்கெண்டு சொல்லும் பாப்பம்" என்றார்.

மூலையில் ஒரு ஈயப் பெட்டி இருந்தது. அதற்குள்ளேதான் கதிர் எண்ணும் கருவி. அதைச் சொல்லலாமா, சீமெந்துச் சுவரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்தப் பொட்டாசியத்திலும் கதிர் வீசும் வகை துளியளவு கலந்தே இருக்கும். வாழைப்பழத்திலும் உண்டு, மனித உடம்பிலும் உண்டு. எனக்கு இயல்பிலேயே குரல் எழும்பாது. "நானும்தான் மிஸ்" என்றேன், எனக்கே கேட்காத அளவில். "என்ன?" என்றார். "நான் மிஸ். நீங்களும்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஓம், நானும்தான். திங்கக்கிழமை வாரும், ஆறு மாசம் பாப்பம். ஆனா கொஞ்சம் சத்தமாக் கதைக்கப் பழகும்."

தனிக்கொடி

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு இந்தச் செய்தி போனது, வேலை கிடைத்தது என்பதாக அல்ல, மகன் கதிருக்குள்ளே போய் உட்காருகிறான் என்பதாக. அம்மா கொழுந்து எடுப்பவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனபோது யாரோ "முடி கொட்டிருமாமே" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் சட்டைகளுக்குத் தனி வாளி, தனிக்கொடி. சாப்பாடு போடும்போது தலையில் கை வைத்து இழுத்துப் பார்ப்பார். பாசத்தில் தடவுகிறார் என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை செய்யும்போது சட்டையில் ஒரு சின்ன வில்லை குத்திக்கொள்வோம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பது அதில் பதிவாகும். மூன்று மாதம் கழித்து அதன் அறிக்கை வந்தது. அளக்கக்கூடிய அளவில் எதுவும் இல்லை. ஓடிப்போய் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொடியில் இருந்த சட்டையை எடுத்து மடித்தபடியே அம்மா கேட்டார்: "ஒன்னுமே படலேன்னா, அப்ப மூனு மாசமா நீ அங்க வேலையே செய்யலியா?"

டீமேக்கர் ஐயா

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, வெளிநாட்டு வாடிக்கையாளர் சான்றிதழ் கேட்கிறார் என்று ஒரு கிலோ தூளோடு வந்தார். பின்னேரம் வந்து அறிக்கையை எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். அரைத்து, டப்பாவில் அடைத்து, ஈயப் பெட்டிக்குள் வைத்து ஒரு முழு நாள் எண்ண வேண்டும் என்று சொன்னேன். "நான் ஒரு நாள்ல எத்தனை கிலோ தூள் அடிக்கிறேன் தெரியுமா தம்பி?" என்று முணுமுணுத்தபடி போனார்.

மறுநாள் வந்து அறிக்கையில் முதல் வரியைப் பார்த்தவர் வெளிறிப்போனார். பொட்டாசியத்தின் கதிர் இவ்வளவு என்று அதில் இருந்தது. எல்லாத் தேயிலையிலும் அது இருக்கும், இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும், மற்றதெல்லாம் சுத்தம் என்று சொல்லச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் இரத்தம் திரும்பியது. கடைசியில் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அடுத்த தடவையும் கொண்டாறேன். ஆனா அந்தப் பொட்டாசியத்தைக் கடைசி வரியில போடுங்க தம்பி, நமக்கு நெஞ்சு தாங்காது."

எங்கெங்கே வேலை

ஐந்தாவது மாதம் முடிந்து ஒரு வாரத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் என்று என்னை அழைத்தார்கள். என்னை! மிஸ்ஸின் கட்டளை நினைவுக்கு வர, முடிந்த மட்டும் சத்தமாகப் பேசினேன். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுக்குமுன் ஊசியில் ஏற்றும் கதிர் மருந்தைத் தயாரிக்க ஆள் வேண்டும். துறைமுகத்தில் இறங்கும் பால்மாவைச் சோதிக்க வேண்டும். கிணற்று நீர் எத்தனை வருடத்துக்கு முந்திய மழை என்று கண்டுபிடிக்கலாம். கதிர் பாய்ச்சிக் கையுறைகளில் உள்ள கிருமிகளை அழிக்கலாம். கதிர்ப் பொருள் வைத்திருக்கும் இடங்களைப் போய்ப் பரிசோதிக்கலாம். பலகையில் எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

பூனாகலையிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "அண்ணா, இதுல ஏதாவது ஒரு வேலை பதுளையில இருக்கா?"

"ஒன்னு இருக்கு. அதுல நான் இருக்கேன்."

"நிரந்தரமாவா?"

"இல்ல. இன்னும் மூனு வாரத்துல தெரியும்."

அவள் கொப்பியைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "அப்ப மூனு வாரம் கழிச்சு விண்ணப்பம் போடலாங்களா அண்ணா?"

வெறும் பெட்டி

இனித்தான் வந்தது வினை. மிஸ் தன் தம்பியின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். என் கடைசி வாரம், தனியே நான். வெளியே விடாத மழை. டீமேக்கர் ஐயாவின் அடுத்த தூளும் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வேண்டும் என்று.

ஒவ்வொரு வாரமும் முதலில் வெறும் பெட்டியை எண்ண வேண்டும். சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்போதும் கொஞ்சம் கதிர் வந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணைக் கழித்தால்தான் தேயிலையின் எண் தெரியும். அந்த வாரம் வெறும் பெட்டி வெறும் பெட்டியாக இல்லை. பொட்டாசியம் காட்ட வேண்டிய இடத்தில் எண் ஏறி நின்றது. நான்தான் எதையோ கொட்டிவிட்டேன் என்று பெட்டியின் உட்புறத்தைத் துடைத்தேன். திரும்ப எண்ணினேன். அப்படியே இருந்தது. மேசை, தரை, கதவுப் பிடி எல்லாம் துடைத்தேன். அப்படியே. இரண்டு நாள் போய்விட்டது.

போன வாரத்து எண் கொப்பியில் இருந்தது. உங்களிடம் மறைப்பானேன், அதையே கழித்துச் சான்றிதழை எழுதிவிடலாமா என்று நினைத்தேன். எழுதினால் தேயிலையில் இல்லாத பொட்டாசியமும் இருப்பதாகக் காட்டும், ஆனால் ஒருவருக்கும் தெரியாது. நானும் துணிக்கடைக்குப் போக வேண்டியதில்லை. பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் எண்களையும் உள்ளபடியே கொப்பியில் எழுதினேன். மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம். நான் எல்லாவற்றையும் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "நீர் பொய் எழுதேல்லைத்தானே? அப்ப ஏன் பயப்படுறீர்? ஏதோ ஒண்டு புதுசா வந்திருக்கு, தேடும். தாலி கட்டி முடியட்டும், எடுக்கிறன்."

சுவருக்கு அந்தப் பக்கம்

துடைத்த துணியை உதற வராந்தாவுக்கு வந்தேன். பக்கத்து அறை வாசலில் சிவப்பாகச் சில மணிகள் சிந்திக் கிடந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். தேயிலைக்கு உரம் போட்டுவிட்டு வரும் நாட்களில் அப்பாவின் நகக்கண்ணில் அந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறேன். பொட்டாஸ்! பாதிக்கு மேல் பொட்டாசியம்! கதிர் காட்டும் சின்னக் கைக்கருவியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் ஓடினேன். கீழே உரக்கடை வைத்திருக்கும் முதலாளி, மழைத் தண்ணீர் உள்ளே ஏறியதால் பொட்டாஸ் மூட்டைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேலே ஏற்றி, எங்கள் சுவரோடு சுவராக அடுக்கியிருந்தார். அவரும் அதன் பக்கத்திலேயே கட்டில் போட்டுச் சாய்ந்திருந்தார்.

"முதலாளி, இந்த மூட்டையெல்லாம் கதிர் விடுதுங்க" என்றேன். அவசரத்தில் வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. மனிதர் கட்டிலிலிருந்து குதித்துவிட்டார். "யா அல்லாஹ், ரெண்டு நாளா இதுலதானே சாஞ்சிருக்கேன்!" வாழைப்பழத்தில் இருப்பதுதான், கொஞ்சம் கூட, ஆளுக்கு ஒன்றும் ஆகாது, என் பெட்டிக்குத்தான் ஆகாது என்று அவரைக் கட்டிலில் உட்கார வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

மூட்டைகளை வராந்தாவின் மறுகோடி அறைக்கு மாற்றினோம். மறுநாள் வெறும் பெட்டி மறுபடியும் வெறும் பெட்டியாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன் என்று எனக்கே தெரியாது. கதவைத் தட்டிக்கொண்டு முதலாளி வந்தார், கையில் மூன்று சின்னப் பொட்டலம். "தம்பி, சுவருக்கு அங்கால இருந்தே கண்டுபிடிக்குதே ஒங்க மெஷின், அப்ப எந்தப் பொட்டாஸ்ல கலப்படம் இருக்குன்னும் சொல்ல ஏலுமா?"

தொலைபேசி

ஏலும். பொட்டாசியம் குறைந்தால் கதிரும் குறையும். மூன்று பொட்டலத்தில் ஒரு பொட்டலம் குறைவாகத்தான் காட்டியது. டீமேக்கர் ஐயாவின் சான்றிதழும் வெள்ளிக்கிழமை பின்னேரம் போனது, பொட்டாசியம் கடைசி வரியில்.

திங்கட்கிழமை மிஸ் கல்யாணப் பலகாரப் பெட்டியோடு வந்து கொப்பியை வாசித்தார். துடைத்தது, திரும்பத் துடைத்தது, தோற்றது எல்லாம் அதில் இருந்தது. நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அன்று வீட்டில் அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கொழும்புக்குப் போன் போட்டார். "முதலாளி, கோவிச்சுக்காதீங்க, மகன் வரமாட்டான், வெறும் பெட்டிய எண்ணுறதுக்கு இங்க அவன நிரந்தரமா எடுத்துக்கிட்டாங்க!"

ஆகவே தோழர்களே, உள்ளே போனது பல்கலைக்கழகம் தந்த பட்டத்தால் என்றாலும், நிரந்தரமானது பக்கத்துக் கடைப் பொட்டாஸ் மூட்டையால்தான் என்பதை நான் எந்த நேர்முகத்திலும் சொல்லத் தயார், சத்தமாகவே.