கோணாமலை வாங்கிய உப்புக் கார்

நாவற்குடாக் கோணாமலை முப்பது வருசம் மீன் லொறி ஓட்டியவர். பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். கால்விரிப்பைத் தூக்கி, அடித்தகரத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால், "சுனாமி குடிச்ச சாமான், விடு" என்று திரும்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிசன் தெரிந்தே கிணற்றில் விழுந்தார்.

சண்டை முடிந்த வருசம், வவுனியா முகாமொன்றில் விஜிதரனைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். மூன்று வருசத்துக்கு முன் காணாமல் போன ஒரே மகன். மனைவி புஸ்பத்துக்குச் சுனாமியில் அடிபட்ட முழங்கால் மடங்காது. பஸ் ஏற மாட்டார். தாயை விட்டுவிட்டு மகனைத் தேடப் போக முடியுமா? இரண்டு கதவுக் காரென்றால் கதவு அகலம், காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். விரும்புவாரில்லாததால் மலிவும்கூட. அப்படி இரண்டு கார்கள் விலைக்கு நின்றன.

ஒன்று ஊரிலேயே, புதுப் பெயின்ற் பளபளப்போடு. விரலை நாக்கில் வைத்ததும் துப்பினார்.

மற்றது கிரானில், கண்ணகை என்ற பெண்ணின் வீட்டில். வெளியெல்லாம் கீறல், அடித்தகரம் மட்டும் உரல் மாதிரி உறுதி. ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. கோணாமலைக்கு வாயெல்லாம் பல்.

"கார்ப் பதிவுப் புத்தகம் ஆருட பேரில, புள்ள?"

"என்ட வீட்டுக்காரருட பேரில, அண்ணன். ரெண்டு வருசமா ஆளக் காணல்ல. மரணச் சேட்டிபிக்கட் எடுத்தாத்தான் பேர் மாத்தலாமாம்." கண்ணகை நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க வாங்கிறதெண்டா எடுத்துத் தாறன்."

விஜிதரனுக்கும் அந்தத் தாளை எடுக்கச் சொன்னவர்களைக் கோணாமலை படலையோடு துரத்தியிருந்தார்.

"எனக்காக எடுக்காத புள்ள. அவர் வந்து கையெழுத்து வைக்கட்டும்."

ஊருக்குத் திரும்பி வந்த வேகத்தில் உப்புக் காரை வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரன் நான், வாய்க்கு வந்தபடி ஏசினேன். கேட்டால்தானே!

இரண்டு கிழமை கழித்துப் புறப்பட்டார்கள். கிரான் சந்தியைத் தாண்டவில்லை. புஸ்பம் கால் நீட்டியிருந்த இடத்தில் தகரம் பிளந்து ரோட்டுத் தெரிந்தது. கொஞ்சத்தில் இஞ்சினும் நின்றது.

ஓரத்தில் நின்றவர்களைக் கடந்து, கண்ணகை வீட்டில் நின்ற அந்தக் கீறல் விழுந்த இரண்டு கதவுக் கார் போனது. ஓட்டியவன் யாரோ புது ஆள்.

"அந்தப் புள்ள சேட்டிபிக்கட் எடுத்திட்டாள்," என்றார் கோணாமலை.

புஸ்பம் பிளந்த தகரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"வீட்ட போவம். நாமளும் எடுப்பம்."