மனப்பிராந்தி

மும்பை மாட்டுங்கா சபா அரங்கில் அந்தக் குழப்பமான படம் முடிந்ததும் நான்தான் விளக்கம் சொன்னேன். தன் வீட்டுக் கதவில் யாரோ எண் எழுதுவதாகக் கதாநாயகன் அலறுவது வெறும் மனப்பிராந்தி என்றேன். என்னைப் போன்ற ஓய்வுபெற்ற அதிகாரிகள் கைதட்டினார்கள்.

டீ கொடுத்த தாராவிக்காரர், ஒவ்வொரு கிளாசின் அடியையும் தோள்துண்டால் துடைத்தே நீட்டுபவர், என்னருகே நின்றார்.

"பிராந்தியா? அவன் ஒரு சொட்டும் குடிக்கலயே சார்."

"இது மனசுல வர்ற வீண் பயம், அண்ணாச்சி."

"எங்க கதவுலயும் நம்பர் எழுதிட்டுப் போயிருக்கான். வீட்ட இடிச்சிருவானோன்னு பயந்து கெடக்கேன். எனக்கும் அதுதானா?"

"அது முறையான சர்வே. நோட்டீஸ் கொடுத்துட்டுத்தான் இடிப்பா."

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல, வீடுதான் இல்ல. சரிதான சார்?"

படத்தைப் புரிந்துகொண்ட எனக்கு, அவர் கேட்டது கேள்வியா, கேலியா என்று இன்னும் விளங்கவில்லை.