துருவக்கடல் பூச்சிக்கு வனமாமலை ஒட்டிய சிவப்புச் சீட்டு

வனமாமலைக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. குறை ஜாதகத்தில் இல்லை, வலது கட்டைவிரலில் இருக்கிறது.

நாங்குநேரியிலிருந்து வந்தவர். இருங்காட்டுக்கோட்டை உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கிறார். இரும்பின் ஓரத்தில் மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். சங்கடம் என்னவென்றால், விரலுக்கு ஷிஃப்ட் முடிவதே இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவி, “பிசிறு இருக்கு, மாத்திக் கொண்டாங்க” என்றார். அவர்கள் மாப்பிள்ளையை மாற்றிக்கொண்டார்கள். வல்லக்கோட்டைக் கோயில் உண்டியலின் வாயையும் தடவினாராம். காவலர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் போன மாசியில் ஒரு பூச்சி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் கடல் உயிர்களை ஆராயும் சுகப்பிரியா. தென்துருவக் கடலின் அடியில் வலையில் சிக்கியது அது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், கட்டைவிரல் நீளம், ஏழு ஜோடிக் கால், முதுகெல்லாம் முள். அவரிடம் இருந்ததே ஒன்றுதான். ஏற்கெனவே பெயர் வைத்த உறவுக்கார இனத்துக்கு நாற்பத்திரண்டு முள். இதற்கும் நாற்பத்திரண்டு என்றுதான் எண்ணியிருந்தார். ஒரு வித்தியாசம் அகப்பட்டால் புது இனம். இல்லையென்றால் மூன்று வருடப் பாடு வீண். தொழிற்சாலையின் அளவுக் கருவியில் பெரிதாக்கிப் பார்க்கத்தான் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி வந்திருந்தார்.

பூச்சியைப் புட்டியிலிருந்து எடுத்து, வனமாமலையின் மேஜையில் ஸ்பிரிட் தட்டில் வைத்துவிட்டு, படம் எடுத்துப் போக ஒரு பென்டிரைவ் கேட்டார். பென்டிரைவ் உள்ளே வர மூன்று பேர் கையெழுத்து வேண்டும். வாங்கப் போனார்.

திரும்பி வந்தபோது தட்டு காலி.

“சார், இங்க இருந்தது எங்க?”

“ரிஜெக்ட் ஆயிட்டும்மா. அளவு போட்ட டிராயிங் இல்ல, முதுகு பூராம் பிசிறு. சிவப்புச் சீட்டு ஒட்டிச் சிவப்புத் தொட்டில போட்டுட்டேன்.”

“தொட்டி எங்க?”

“பிசிறு சீவுற கோதண்டம் தள்ளிட்டுப் போயிட்டாரு. அரத்தால சீவிருவாரு, கவலப்படாதீங்க.”

சுகப்பிரியா ஓடினார். தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே வனமாமலையும் ஓடினார்.

அரம் கோதண்டத்தின் கையில். பூச்சி பிடிகருவியின் பக்கத்தில். சீவல் மட்டும் தொடங்கவில்லை.

“இன்னா மாமல, இத்தினி பிசிறையும் சீவச் சொல்ற? சீட்டுல நாப்பத்திமூணுன்னு கீது. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. ஓ.டி. ஸ்லிப்பு இல்லாம கை வெக்க மாட்டேன்.”

விஞ்ஞானம் காக்கப்பட்டது ஓ.டி. விதியால்.

பூச்சியை அள்ளிய சுகப்பிரியா அப்படியே நின்றார். “நாப்பத்திமூணா? நாப்பத்திரண்டுதானே?”

வனமாமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. “சீட்டப் பாருங்க. எடம் போட்டு எழுதிருக்கேன். ரெண்டு பக்கமும் இருபத்தொண்ணு. தலைக்குப் பின்னால நடுவுல ஒத்தையா ஒண்ணு, படுத்துக் கெடக்கு.”

“கையால தொட்டீங்களா!”

“தொடாம எப்படிம்மா தெரியும்?”

கருவியில் வைத்துப் பெரிதாக்கினார்கள். நடுவில், ஒற்றையாக, படுத்துக் கிடந்தது அந்த முள். உடைந்ததல்ல, ஒட்டியதல்ல, முளைத்தது. சுகப்பிரியா மூன்று வருடக் கண்ணீரையும் தொழிற்சாலை கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளேயே விட்டார்.

“அப்ப இது ஓகேவா, ரிஜெக்டா?” வனமாமலைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

“இனிமே எங்க எது கிடைச்சாலும், அதே இனமான்னு இத வெச்சுத்தான் சார் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.”

“அட, மாஸ்டர் சாம்பிள்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்லா!”

சிவப்புச் சீட்டை உரித்துச் சுகப்பிரியாவிடம் கொடுத்தார். பச்சைச் சீட்டு எடுத்து, பூச்சி திரும்பிப் போன புட்டியில் ஒட்டினார்: ‘மாஸ்டர். பிசிறு 43. சீவக் கூடாது.’ பிறகு பழக்கதோஷத்தில் புட்டியின் வாயை ஒரு சுற்றுத் தடவினார். முகம் மாறியது.

சுகப்பிரியா புட்டியைப் பிடுங்கிக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

“இன்னாம்மா, ஓ.டி. ஸ்லிப்பு?” என்றார் வழியில் கோதண்டம், அரத்தைக் கீழே வைக்காமல்.