பேரன் பைக்கின் வெளுத்த ஆயில்

மூத்த பேத்தி மாட்டு டாக்டர். இளையவள் பேங்க் பரீட்சையில் தேறிவிட்டாள். பேரன் கார்த்தி ஜெர்மனியில் என்ஜினீயர்.

அவன் விட்டுப்போன பைக்குக்கு இன்று மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஆயில் மாற்றினார். பழைய ஆயில் மோர் மாதிரி வெளுத்து இறங்கியது.

"நீ பைப்பைப் புடிச்சு வண்டியக் கழுவுனியே, அந்தத் தண்ணிதான்" என்று அவர் முன்னாலேயே மருமகளைக் குற்றம் சொல்லிவிட்டேன்.

மெக்கானிக் என்னைக் கேட்டார். "ஏனுங்க ஆத்தா, தெனமும் ஸ்டார்ட் பண்றீங்களா?"

"ஆமாங்க. காலையில வண்டிக்குப் பொட்டு வெச்சு, பட்டனை அமுக்கி, ரெண்டு நிமிசத்துல நிறுத்திருவேன்."

"அதானுங்க. சூடேறுமுன்ன நிறுத்துனா எஞ்சினுக்குள்ள ஈரம் வேர்த்து ஆயில்ல கலந்துரும். நல்லா ஓடுனாத்தான் ஆவியாப் போகும்."

நான் தலை குனிந்தேன். மருமகள்தான் சொன்னாள். "பையன் ஊட்ல இருக்கற மாதிரி அந்தச் சத்தம் கேக்கோணும்னு அத்தை செய்யறாங்க, உடுங்க."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இதைப் படிப்பவர்களில் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகிய மாமியார் யாராவது இருந்தால், எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

கார்த்தி சாமி, இனி பட்டனைத் தொடமாட்டேன். உன் புதுப் போட்டோ ஒன்று போடு, காலையில் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.